மணியும் மரமும் சேர்ந்தால் சுசுகி ஆகாது

ஜப்பானிய மொழி படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,

ஹிரகானா எழுதிப் பழகி, கடகானாவைத் தாண்டி, இப்போது கான்ஜிக்குள் கால் வைத்திருக்கிறீர்கள். உங்களில் பலர் பொறியியல் முடித்தவர்கள். நர்சிங் படித்துவிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்காக விசாவுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் நோட்டுகளில் ஒரு பக்கம் அடிக்கடி என் கண்ணில் படுகிறது. இடப்பக்கம் ஜப்பானியக் குடும்பப் பெயர்கள், வலப்பக்கம் அவற்றின் பொருள். தனகா என்றால் வயலின் நடு, யமமோட்டோ என்றால் மலையடிவாரம், சுசுகி என்றால் மணி மரம்.

முதல் இரண்டும் இருக்கட்டும். மூன்றாவதை அடித்துவிடுங்கள். அதை ஏன் அடிக்க வேண்டும், அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல். ஒரு பெயருக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். நீங்கள் ஜப்பானில் எந்த ஊரில் இறங்கினாலும் உங்கள் மேலாளரோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ, வார்டில் நீங்கள் கைப்பிடித்து நடக்கவைக்கும் முதியவரோ, யாராவது ஒருவர் சுசுகியாக இருப்பார். ஜப்பான் மக்கள்தொகை சுமார் 12 கோடியே 40 லட்சம். அதில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் சுசுகி. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும் ஒரே பெயர் சத்தோ.

எவ்வளவு பரவலான பெயர் என்பதை எழுதுபொருள் கடையில் நேரில் பார்க்கலாம். சுற்றும் தாங்கி ஒன்றில் விரல் நீளத்துக்குச் சிறு முத்திரைகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஜப்பானியர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் ஹான்கோ அவை. 'அ' வரிசையில் தொடங்கி ஐம்பதொலி முறைப்படி அடுக்கியிருப்பார்கள். கூரியர் பொட்டலம் வாங்க, அலுவலகத்தில் விடுப்புத் தாளில் குத்த என்று சில நூறு யென்னுக்கு ஆயத்தமாகக் கிடைப்பவை. அபூர்வமான பெயர்க்காரர் அந்தத் தாங்கியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தன் பெயர் கிடைக்காது, சொல்லித்தான் செய்ய வேண்டும். சுசுகிக்கு அந்தக் கவலையே இல்லை.

இனி பொருளுக்கு வருவோம். சுசுகியை இரண்டு கான்ஜியில் எழுதுகிறார்கள். முதல் எழுத்து, கோயில் வாசலில் கயிற்றோடு தொங்கும் கிலுகிலுப்பான மணியைக் குறிப்பது. இரண்டாவது, மரம். இரண்டையும் கூட்டினால் மணி மரம் என்று வருகிறது, அகராதியும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பெயர் பிறந்தபோது அங்கே மணியும் இல்லை, மணி கட்டிய மரமும் இல்லை. பெயர் முதலில் வாயில் இருந்தது. எழுத்து பிறகு வந்தது. ஒலிக்குப் பொருந்திய எழுத்துகளைக் கடன் வாங்கி எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். ஜப்பானியப் பெயர்களில் இது சர்வசாதாரணம். எழுத்தைப் பிரித்துப் பொருள் சொல்வது எளிதாக இருப்பதால் நாம் அதோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஊரும் மனிதர்களும் நமக்குத் தெரியாமலே போகிறார்கள்.

அந்த ஊர் குமானோ. ஒசாகாவுக்குத் தெற்கே பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீ தீபகற்பத்தின் தென்கோடி. பெரும்பகுதி மலை, காடு, ஓயாத மழை. பள்ளத்தாக்குகளில் கிடைத்த கொஞ்சம் நிலத்தில் நெல். அறுவடையானதும் கதிர்க்கட்டுகளை வயலிலேயே போர் போடுவார்கள். நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, கதிர் உள்பக்கமும் அரிந்த தாள் வெளிப்பக்கமும் இருக்கும்படி கட்டுகளைச் சுற்றிச்சுற்றி அடுக்கி, மழை இறங்காமல் தலையில் வைக்கோலைக் குல்லாய் போலக் கவிழ்ப்பார்கள். இந்தப் போருக்கு ஜப்பானில் வட்டாரத்துக்கு ஒரு பெயர். குமானோ பக்கத்தில் அதற்குச் 'சுசுகி' என்று பெயர். நடுவில் நட்ட கம்பத்தைத்தான் அந்தச் சொல் குறித்தது என்று சொல்வோரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் விஷயம் நெல்தான்.

அந்தப் போர் வெறும் சேமிப்பு மட்டும் இல்லை. நெல்லுக்குள் ஓர் உயிர் உண்டு, அது அந்தக் கம்பத்தின் வழியே இறங்கி வந்து தங்கும் என்று நம்பினார்கள். ஜப்பானிய நாட்டாரியலைத் தொடங்கிவைத்த யனாகிதா குனியோ (1875–1962) தன் முதுமையில் இந்தப் போர்களைப் பற்றியும் அவற்றின் வட்டாரப் பெயர்களைப் பற்றியும் எழுதினார். நெல்லின் உயிர் அடுத்த ஆண்டுக்காகப் புதிதாய்ப் பிறக்கும் பிரசவ வீடாக அவற்றைப் பார்த்தார். உங்கள் நோட்டில் எழுத வேண்டியது இதுதான்: சுசுகி, நெற்போர்.

குமானோ கோயிலில் பூசை செய்த பழைய குடிகளில் ஒன்று ஹொசுமி. கதிரைக் குவிப்பவர் என்பது அந்தப் பெயர். குமானோ தெய்வம் அந்த மண்ணில் வந்து இறங்கியபோது மூன்று சகோதரர்கள் வரவேற்றார்கள், ஒருவர் நெற்கதிரைப் படைத்தார், அவருக்குத் தெய்வம் தந்த பெயர் ஹொசுமி என்று ஒரு தலபுராணம் சொல்கிறது. புராணத்தைப் புராணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹொசுமி வழியில் வந்தவர்கள்தான் சுசுகி என்று பெயர் பெற்றார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் வரலாறு. இன்றும் சுசுகி குடும்பங்கள் பலவற்றின் குலச்சின்னத்தில் நெற்கதிர் இருக்கிறது. கிமோனோவின் முதுகிலும் கல்லறைக் கல்லிலும் அந்தக் கதிரைப் பார்க்கலாம். கான்ஜி மறைத்ததைச் சின்னம் காட்டிக்கொடுக்கிறது.

மீன் கடையிலும் சுசுகி உண்டு. அது கொடுவாயைப் போன்ற ஒரு கடல் மீன். குஞ்சாக இருக்கும்போது செய்கோ, கொஞ்சம் வளர்ந்தால் ஃபுக்கோ, முழுதாக வளர்ந்தபின் சுசுகி என்று வயதுக்கேற்பப் பெயர் மாறும் மீன். அந்த மீனின் கான்ஜியாலேயே குடும்பப் பெயரை எழுதும் சுசுகிகளும் ஒருசிலர் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்தால் மீன்காரர் பரம்பரை என்று முடிவு கட்டாதீர்கள். அதுவும் ஒலிக்காக வாங்கிய எழுத்துதான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் வேறொரு பக்கம் போகப் பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். நெல், வயல் சார்ந்த சொற்களை முக்கியச் சான்றாக வைத்தார். நெல் என்றதும் சுசுகிக்கும் ஒரு தமிழ் வேர் கண்டுபிடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஓனோவின் உழைப்பு மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயரைப் பிடித்து இழுத்து நம்மோடு சேர்த்துக்கொள்வது அன்பாகவும் ஆகாது, ஆராய்ச்சியாகவும் ஆகாது. அந்தப் பெயர் குமானோவுக்கு உரியது.

இப்போது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தென்கோடியில் ஒரு மலைநாட்டுக் கோயிலைச் சேர்ந்த பெயர் எப்படி நாட்டின் இரண்டாவது பெரிய பெயர் ஆனது? அதற்கு மூலகாரணம் நடை.

குமானோ ஒரு யாத்திரைத் தலம். ஹொங்கு, ஹயதமா, நாச்சி என்று மூன்று பெருங்கோயில்கள். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் பதவி துறந்த பேரரசர்கள் கியோத்தோவிலிருந்து பரிவாரத்தோடு இங்கே வந்தார்கள். கோ-ஷிரகாவா முப்பது தடவைக்கு மேல் வந்தவர். பிறகு படைவீரர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் குடியானவர்கள் வந்தார்கள். எறும்புச் சாரையாகக் குமானோ யாத்திரை என்று ஜப்பானியத்தில் ஒரு சொலவடையே உண்டு. பல புனித மலைகள் பெண்களை அடிவாரத்திலேயே நிறுத்திய காலத்தில், தூய்மை தீட்டு பார்க்காமல் ஆண் பெண் எல்லோரையும் ஏற்ற தலம் குமானோ. நோயாளிகளும் வந்தார்கள். அந்தப் பாதைகள் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இவ்வளவு பேர் மலையேறி வர வேண்டுமானால் வழிகாட்ட ஆள் வேண்டும், தங்க இடம் வேண்டும், அவர்கள் பெயரில் வேண்டிக்கொள்ளப் பூசகர் வேண்டும். வழிகாட்டிகள் செந்தாத்சு. மலையில் தவம் செய்யும் துறவிகள், பெரும்பாலும் அந்தந்த மாகாணத்தில் வாழ்ந்தவர்கள். தலத்தில் அவர்களை எதிர்கொண்டு வீட்டில் தங்கவைத்து வழிபாடு நடத்திக்கொடுத்தவர்கள் ஓஷி. வந்து போன குடும்பம் அந்த ஓஷிக்கு நிரந்தரக் கட்டளைதாரர் ஆகிவிடும். அடுத்த முறையும் அதே வீட்டில்தான் தங்கும், அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் வருவார்கள். இன்ன குலத்தார், இன்ன ஊரார் எங்கள் யாத்திரிகர்கள் என்று எழுதிவைத்த உரிமையை ஓஷிகள் சொத்தாகவே நடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், அடகு வைத்தார்கள், விற்றார்கள். அந்தக் கிரயப் பத்திரங்கள் இன்றும் இருக்கின்றன. குமானோ கோயில் வட்டாரத்துச் சுசுகிகள் இந்த அமைப்புக்குள் வாழ்ந்தவர்கள்.

தலத்தில் காத்திருந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஊர் ஊராகப் போனார்கள். போகும்போது கொண்டுபோனது கோஓ என்ற காப்புத்தாள். காக்கை உருவங்களையே எழுத்தாக வளைத்து அச்சிட்ட தாள் அது. குமானோ தெய்வத்தின் தூதர் மூன்று கால் காக்கை. ஜப்பான் கால்பந்துச் சட்டையில் நீங்கள் பார்த்திருக்கும் மூன்று கால் காக்கை அதே மரபைச் சேர்ந்ததுதான். காப்புத்தாளின் பின்பக்கத்தில் சத்தியப் பத்திரம் எழுதுவார்கள். சொன்ன சொல்லை மீறினால் குமானோவில் காக்கை சாகும், மீறியவன் இரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. பிரபுக்கள் சமாதான உடன்படிக்கைகளைக்கூட அந்தத் தாளில் எழுதினார்கள். தாள் போன ஊரில் நம்பிக்கை வேர்விட்டது. நம்பிக்கை வேர்விட்ட இடத்தில் ஒரு கிளைக் கோயில் எழும்பியது. அதைப் பார்த்துக்கொள்ளக் குமானோவிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. இன்றும் ஜப்பானில் சுமார் 3,000 குமானோ கோயில்கள் இருக்கின்றன.

வந்து தங்கிய குடும்பத்தின் பெயரை அவ்வூரார் சிலரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் பக்தி இருந்தது. பெயரோடு கோயிலின் காப்பும் வரும் என்ற நினைப்பும் இருந்திருக்கும். கீ தீபகற்பத்துக் கடலோடிகளுக்குக் குரோஷியோ நீரோட்டம் கிழக்கே போகப் பாதை போட்டுக் கொடுத்தது. ஜப்பான் வரைபடத்தில் சுசுகி எங்கே அடர்த்தி என்று பார்த்தால் இந்தக் கடல்வழியே தெரியும். ஷிஸுவோகா, ஐச்சி, கனகாவா, சிபா ஆகிய மாநிலங்களில் முதலிடம் சுசுகி. எல்லாம் பசிபிக் கரை. ஒசாகாவுக்கு மேற்கே போனால் பெயர் மெலிந்துவிடுகிறது. பெயர் பிறந்த வகயாமா மாநிலத்திலேயே முதலிடம் யமமோட்டோவுக்கு. பிறந்த வீட்டில் கொஞ்சம் பேர், புகுந்த ஊரில் கூட்டம் கூட்டமாக.

சுசுகி குடும்பத்தின் தலைவீடு குமானோவிலிருந்து வடக்கே ஃபுஜிஷிரோவுக்கு இடம் பெயர்ந்தது. இன்றைய கைனான் நகரம். குமானோ யாத்திரைக்கு அது நுழைவாயில் போன்ற இடம். அங்கே ஃபுஜிஷிரோ கோயிலும் அதன் வளாகத்திலேயே சுசுகி மாளிகையும் இருக்கின்றன. 122ஆம் தலைமுறை என்று சொல்லப்பட்ட தலைவர் 1942இல் வாரிசு இல்லாமல் இறந்ததோடு தலைவீட்டு வழி முடிந்தது. மாளிகை சிதிலமானது. பிறகு நன்கொடை திரட்டிப் பழுதுபார்த்து 2023இல் மீண்டும் திறந்தார்கள். அந்த வீட்டோடு எந்த இரத்த உறவும் இல்லாத சுசுகிகள் அதைத் தங்கள் மூல வீடாக நினைத்து வந்து பார்க்கிறார்கள். அதே கோயிலில் ஒரு பழைய கற்பூர மரத்துத் தெய்வம் உண்டு. அங்கிருந்து குழந்தைக்குப் பெயரெழுத்து வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். இயற்கையியலாளர் மினகதா குமகுசுவின் (1867–1941) பெயரில் இருக்கும் 'குமா' குமானோவுடையது, 'குசு' கற்பூர மரத்துடையது.

போர்வீரர் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை சினிமாவிலும் காமிக்ஸிலும் வேண்டிய மட்டும் வருகின்றன. ஃபுஜிஷிரோவைச் சேர்ந்த சுசுகி சபுரோ, தளபதி மினமோத்தோ யோஷித்சுனேயைப் பின்தொடர்ந்து வடக்கே போய் 1189இல் அவரோடு மாண்டதாகப் பழைய கதை நூல்கள் சொல்கின்றன. இன்றைய ஐச்சி மாநிலத்தில் இருந்த மிக்காவா நாட்டில் ஒரு சுசுகிக் கிளை வேரூன்றியது. பின்னாளில் ஜப்பானை ஆண்ட தோகுகாவா இயேயாசு அந்த நாட்டுக்காரர். 1590இல் அவர் கிழக்கே இன்றைய தோக்கியோவுக்கு இடம் பெயர்ந்தபோது அவரிடம் பணிசெய்த சுசுகிகளும் கூடப் போனார்கள். கோயில் விதைத்திருந்த பெயரை ஆட்சி மாற்றம் இன்னும் பெருக்கியது.

வகுப்புகளில் அடிபடும் ஒரு கதையை மறுக்காமல் இந்த மடலை முடிக்க முடியாது. 1875க்கு முன் ஜப்பானியப் பொதுமக்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அரசு கட்டாயப்படுத்தியதும் கண்ணில் பட்ட வயல், மரம், ஆறு என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டார்கள் என்ற கதை. பாடப்புத்தக ஓரத்தில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். நடந்தது இது. தோகுகாவாக்கள் ஆண்ட எடோ காலத்தில் பொதுமக்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்தத் தடை இருந்தது. ஆனால் ஏராளமான குடியானவர்களுக்கு ஊருக்குள் வழங்கும் பெயர் இருந்தது. கோயில் நன்கொடை ஏட்டிலும் கல்லறையிலும் அது தலைகாட்டும். 1870 செப்டம்பரில், அவர்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பெயரைப் பயன்படுத்த அனுமதி தந்தது. புதிய வரிக்கு வழியோ என்ற சந்தேகத்தில் பலர் பதியவில்லை. 1873இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. யார் எவர் என்று தெரியாமல் படைக்கு ஆள் எடுக்க முடியவில்லை, ராணுவம் வற்புறுத்தியது. 1875 பிப்ரவரியில் பெயர் கட்டாயமானது. அப்போது பெயரே இல்லாதவர்களும் இருந்தார்கள், ஊர்ப் பெரியவரிடமோ பிக்குவிடமோ கேட்டு வைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. குமானோ கோயிலும் சுசுகிப் பெரியவீடும் இருந்த ஊரில் அந்தப் பெயரே கைக்கு எட்டியிருக்கும். மற்றபடி, பெரும்பாலான குடும்பங்கள் வீட்டுக்குள் வழங்கிவந்த பெயரை அன்று வாசலில் எழுதிவைத்தன. அவர்களுக்கு முன்னோர் வரலாறே இல்லை என்பதுபோல் நாம் பேசுவது அவமரியாதை.

ஆகவே, ஒரே பெயர் என்பதால் ஒரே இரத்தம் என்று நினைக்க இடமே இல்லை. பூசகர் வழி வந்த சுசுகி, அவர் பெயரைப் பக்தியால் ஏற்ற சுசுகி, 1875இல் பதிந்த சுசுகி, எல்லோரும் இன்று ஒரே முத்திரையைக் குத்துகிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. நம் தெருவில் ஓடும் மாருதி சுசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். சுசுகி மிச்சியோ (1887–1982) ஷிஸுவோகா மாநிலம் ஹமாமத்சுவில் 1909இல் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். அதுதான் பின்னாளில் மோட்டார் நிறுவனமானது. 1982இல் இந்திய அரசோடு கைகோத்து, 1983 டிசம்பரில் மாருதி 800ஐ இறக்கியவர் சுசுகி ஓசாமு. அவர் பிறந்தபோது பெயர் மத்சுதா ஓசாமு. கிஃபு மாநிலம் கேரோ ஊர்க்காரர். சுசுகி வீட்டுப் பெண்ணை மணந்து, அந்த வீட்டின் பெயரை ஏற்று, சுவீகார மருமகனாக நிறுவனத்துக்குள் வந்தவர். அவர் மாமனார் ஷுன்சோவும் அதே போல மருமகனாக வந்தவர்தான். ஜப்பானில் தொழில் வீடுகள் நிலைத்ததற்கு இந்த வழக்கம் ஒரு பெரிய காரணம். 2024 டிசம்பர் 25 அன்று 94 வயதில் ஓசாமு காலமானபோது, நம் நாளேடுகள் அவரைச் சுசுகி பரம்பரையின் வாரிசு என்று எழுதியிருந்தால் அது பாதி உண்மைதான்.

ஆண்கள் விரும்பி மாற்றிக்கொள்ளும் கதை இது. பெண்கள் கதை வேறு. 1898இன் சிவில் சட்டம் மனைவியைக் கணவன் வீட்டுப் பெயருக்குள் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் திருத்திய சட்டத்தின் 750ஆம் பிரிவு, கணவன் பெயரோ மனைவி பெயரோ ஏதாவது ஒன்றை இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஏட்டில் சமத்துவம், நடப்பில் சுமார் 95 விழுக்காடு தம்பதிகள் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது. ஆய்வுக் கட்டுரைகளை ஒரு பெயரில் எழுதிவிட்டு வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரோடு வாழும் பெண்கள் நீண்டகாலமாகப் போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்பது என் உறுதியான எண்ணம். கலந்து வாழும் ஊர்களில் ஒரு பெயர் தானாகப் பரவியது ஒரு வரலாறு, இருவரில் ஒருவர் தன் பெயரை இழந்தே தீர வேண்டும் என்று சட்டம் நிற்பது வேறு. தொஹொகு பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிதா ஹிரோஷி 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார். சட்டம் இப்படியே இருந்தால் 2531இல் ஜப்பானியர் எல்லோரும் சத்தோ ஆகிவிடுவார்களாம். மக்களை யோசிக்கவைக்கப் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் சுசுகியும் மிஞ்சவில்லை.

பெயர் உங்களையும் நேரடியாகத் தொடும் விஷயம் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். குடியிருப்பு அட்டையிலும் அதுவே ஏறும். அங்கே அலுவலகத்தில் நாள் முழுக்க உங்களை 'முருகேசன்-சான்' என்று உங்கள் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு முதல் வாரம் அது தன்னைத்தான் என்றே உறைக்காது. வந்த அன்றே, தமிழர் பெயர் எப்படி அமைகிறது, உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று இரண்டு வாக்கியம் ஜப்பானியத்தில் சொல்லத் தயாராகப் போங்கள். கேட்டுக்கொள்வார்கள். நம் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளச் சொல்லும்போது, அவர்கள் பெயரை மணி மரம் என்று வைத்துக்கொண்டு நாம் போகக்கூடாது.

ஒரே பிரிவில் இரண்டு மூன்று சுசுகிகள் இருப்பது அங்கே வழக்கம். அப்போது மட்டும் இயற்பெயரோடு 'சான்' சேர்த்தோ, துறையின் பெயரை முன்னால் போட்டோ அழைப்பார்கள். மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு அதையே செய்யுங்கள், நீங்களாக இயற்பெயருக்குத் தாவாதீர்கள். பேஸ்பால் வீரர் சுசுகி இச்சிரோவின் சட்டையில் வெறும் இச்சிரோ என்றிருப்பதைப் பார்த்து அதுவே முறை என்று நினைப்பவர்கள் உண்டு. சுசுகிகள் அதிகம் என்பதால் 1994இல் அவர் அணி மேலாளர் செய்த ஏற்பாடு அது.

பேச்சுக் கொடுக்க விரும்பினால் பெயரின் பொருளைக் கேட்பதைவிட ஊரைக் கேளுங்கள். 'உங்கள் வீட்டார் எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு ஹமாமத்சு, சிபா என்று பதில் வரும். அங்கிருந்து குமானோவுக்குப் பேச்சை நகர்த்தலாம். பல சுசுகிகளுக்கே நெற்போர்க் கதை தெரியாது. தெரிந்தவர் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள். ஒன்று மட்டும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தடுக்கும் சத்தை, இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வதை, 1910இல் அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தவர் ஷிஸுவோகா குடியானவர் வீட்டுப் பிள்ளை, சுசுகி உமேதாரோ. நெற்போரைப் பெயராகக் கொண்ட ஒருவர் தவிட்டில் உயிர்ச்சத்தைக் கண்டார் என்பது தற்செயல்தான். ஆனால் இதைச் சொன்னால் எந்தச் சுசுகி பாட்டியும் உங்களுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றுவார்.

அடுத்த வாரத்துக்குள் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள். சத்தோ, தகஹாஷி, வதனாபே, இத்தோ என்று பட்டியலில் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஜியின் பொருளைக் கடைசியில் எழுதுங்கள். முதலில், அந்தப் பெயர் எந்த மண்ணில் பிறந்தது, யார் அதைக் கொண்டுபோனார்கள், இன்று எந்த மாநிலத்தில் அடர்த்தி என்று தேடி எழுதுங்கள். ஒசாகா பக்கம் வேலை கிடைப்பவர்கள் ஒரு விடுமுறையில் தெற்கே போகும் ரயிலில் ஏறி, வகயாமா நகரைத் தாண்டிக் கைனானில் இறங்கி, ஃபுஜிஷிரோ கோயிலுக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே பார்த்ததை அடுத்த அணி மாணவர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜப்பானிய மொழி ஆசிரியர்களில் ஒருவர்
சென்னை